எம்மாவின் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும்

வாசகி கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே ஒரு கடற்கரை ஊர். வயது 34. பி.ஏ. முடித்தவர். 22 வயதில் இந்து முறைப்படி திருமணம். மகளுக்கு 11, மகனுக்கு 7. கணவர் விசைப்படகு டிரைவர். குடிப்பதில்லை, கைநீட்டியதில்லை, பங்குப் பணத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர். "ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஐஸ், டீசல், வலை, இறால் விலை, கச்சான் காத்து. இதை விட்டால் எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. வந்தால் தூங்குவார், எழுந்தால் கிளம்புவார்." பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபெர் எழுதிய 'மதாம் பொவாரி' நாவலை, அதன் நாயகி எம்மாவின் கதையைப் படித்து மூன்று இரவு தூங்கவில்லை என்கிறார். "நான் அந்த எம்மாதான். நல்ல புருஷன் இருந்தும் திருப்தியில்லாதவள். என் கதையும் அப்படித்தான் முடியும்."

இதற்குப் பின்னால் கடன்கள். ஒரு தடைக்காலத்தில் தொடங்கி நான்கு இடத்தில் பாக்கி. மைக்ரோஃபைனான்ஸ் குழுக் கடன் இரண்டு (60,000, 45,000, மாதம் 5,600 ரூபாய் தவணை). திருமணத்தில் தாய் வீட்டில் போட்ட 4 பவுன் சங்கிலி அடகுக் கடையில் 60,000-க்கு, 2 வட்டிக்கு இருக்கிறது. தனியாரிடம் 5 வட்டிக்கு 80,000. அதற்கு எழுதாத புரோநோட்டு இரண்டும் ஒரு செக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது குழுக் கடன் படிவத்தில் கணவரின் கையெழுத்தை இவரே போட்டிருக்கிறார். வீட்டுச் செலவு பாதி; புடவை, திரைச்சீலை, பீரோ, புத்தகம், போன் என்று பாதி. கணவருக்கு எதுவும் தெரியாது. சென்னையில் இருக்கும், திருமணமான கல்லூரித் தோழர் ஒருவருடன் எட்டு மாதமாக போனில் பேச்சு. நேரில் பார்த்ததில்லை. அவர் 15,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார், "வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மாமியாரோ, "இவளுக்குக் காத்துக் கருப்பு அண்டியிருக்கு, ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்கிறார். போலீஸ் கேஸ் வருமா, வீட்டை ஜப்தி செய்வார்களா, பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா என்பவை கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடிதத்தின் ஒரு வரி. "கடைசி அத்தியாயம் மட்டும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நகைக்கடன் கணக்குக்குப் போய்விட்டீர்கள். எம்மா தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் இடத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நேராகவே கேட்கிறேன்: உங்களுக்கும் அந்த எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படிக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் தனியாக இருக்கும் நேரம்தான் அழுத்துகிறது என்றால், அந்த நேரத்துக்கு அம்மாவை வரச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, "வந்து கூட இரும்மா" என்றால் போதும். நீங்கள் எழுதியிருக்கும் கடன்கள் ஒன்று விடாமல் தீரக்கூடியவை. எப்படி என்பதைக் கீழே ரூபாய்க் கணக்காகவே சொல்கிறேன்.

நாவலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆசைப்பட்டதால் எம்மா அழிந்தாள் என்று படித்திருக்கிறீர்கள். அன்றைய பிரெஞ்சு அரசும் அப்படித்தான் படித்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் கேடு என்று நாவலின் மீதே வழக்குப் போட்டது. 1857 பிப்ரவரி 7-ம் தேதி ஃப்ளோபெர் விடுதலையானார். ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு அதே நாவலைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். எம்மாவின் கழுத்தைச் சுற்றியது காகிதம் என்று தெரியும்.

லெரோ என்ற துணி வியாபாரி அவள் வீட்டுக்கு வருகிறான். முதலில் சால்வைகளை விரித்துக் காட்டுகிறான், பணத்துக்கு அவசரமே இல்லை என்கிறான். பிறகு கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறான். கெடு முடிந்தால் பழைய பத்திரத்தைப் புதுப்பித்து, வட்டியையும் தரகையும் அசலோடு சேர்த்துப் பெரிய தொகைக்கு எழுதுகிறான். அந்தப் பத்திரங்களை வேறொருவன் பெயருக்கு மாற்றிவிடுவதால், "நான் என்னம்மா செய்ய, அவன் கேட்கிறான்" என்று கையை விரிக்கவும் முடிகிறது. கணவனின் சொத்து விவகாரங்களுக்குப் பவர் பத்திரம் வாங்கிக்கொள்ளும்படி அவளைத் தூண்டுவதும் அவனே. எம்மா தன் பங்குக்குப் பொய் ரசீது காட்டுகிறாள். கணவனின் நோயாளிகளுக்குத் தானே பில் அனுப்பி, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்க்கிறாள். கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 8,000 பிராங்க் கட்டு என்று நீதிமன்ற உத்தரவு வருகிறது, அமீனா வந்து வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்கிறான். இரண்டு காதலர்களிடமும் ஓடிப்போய்க் கேட்கிறாள். இருவரிடமும் பணம் கிடைக்கவில்லை. கணவன் சார்லிடம் சொல்லலாமே என்ற எண்ணமும் அவளுக்கு வருகிறது. அவன் மன்னித்துவிடுவான் என்று அவளுக்கே தெரியும். அந்த மன்னிப்பை வாங்கத்தான் பிடிக்கவில்லை. அவன் தன்னைவிட உயர்ந்துவிடுவான் என்ற கசப்பு.

அந்த இடத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "அவரிடம் சொன்னால் என்ன செய்வாரோ என்று பயம் இல்லை, ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் தாங்காது" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் எம்மாவும் ஒத்துப்போகும் இடம் என்று எனக்குப் படுவது இதுதான். சலிப்பிலோ, வாசிப்பிலோ, ஏக்கத்திலோ அல்ல. ஏக்கம் நோயும் இல்லை, குற்றமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1816-ல் விவாகரத்தை ஒழித்த பிரான்ஸ் 1884-ல்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எம்மாவுக்கு வெளியே போகச் சட்டப்படி வழியே கிடையாது. மணம் தாண்டிய உறவுக்கு மனைவியை மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையில் வைக்கவும் அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது. உங்கள் நிலை அது இல்லை.

முதலில் கையெழுத்துகள்

எதைக் கட்டுவது என்பதைவிட எதை முதலில் கட்டுவது என்பது முக்கியம். 80,000-க்கு 5 வட்டி என்றால் மாதம் 4,000, வருடத்துக்கு 48,000. அதாவது 60 சதவீதம். இரண்டு வருடம் வட்டி மட்டும் கட்டினால் 96,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். கூட்டத்தில் வைத்து அதட்டுவதால் குழுக் கடன்தான் பெரிதாகத் தெரியும். உண்மையில் உங்களைத் தின்பது இந்த 5 வட்டி.

அதைவிட ஆபத்து அந்த இரண்டு புரோநோட்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு எழுதாமல் கொடுத்தால், நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒன்றில் 80,000 என்றும் மற்றொன்றில் 2,00,000 என்றும் எழுதினால், வாங்கியது அவ்வளவு இல்லை என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். அதனால் இன்றிலிருந்து வட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். கூகுள் பேயிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, குறிப்பில் "80,000 கடனுக்கு இந்த மாத வட்டி" என்று எழுதுங்கள். அவர் அதை மறுத்துப் பேசாத ஒவ்வொரு மாதமும் உங்கள் பக்கத்துச் சாட்சி. செக்கை வங்கியில் போட்டுத் திரும்பினால், 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; அது கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு எழாது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டுத் தப்பித்ததாக நினைக்காதீர்கள், சரியான விலாசத்துக்கு வந்த நோட்டீஸ் சேர்ந்ததாகவே கருதப்படும்.

இனி மாற்று வழி. உங்கள் சங்கிலி 4 பவுன், 32 கிராம். இன்றைய தங்க விலையில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் போட்டால், அடகுக் கடையின் 60,000-ஐயும் 5 வட்டிக்காரரின் 80,000-ஐயும் சேர்த்து அடைக்கும் அளவுக்குத் தொகை கிடைக்கும். அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாயை ஒட்டி இருக்கும் என்று வைத்தால், 1,40,000-க்கு மாதம் 1,400. இப்போது இந்த இரண்டுக்கும் நீங்கள் கொடுப்பது 1,200-ம் 4,000-மாக 5,200. மிச்சமாகும் 3,800 அசலில் போய் விழட்டும். சிக்கல் ஒன்றுதான்: அடகுக் கடையிலிருந்து சங்கிலியை மீட்க ஒரு நாளைக்கு 60,000 ரொக்கம் வேண்டும். காலையில் மீட்டு, மதியத்துக்குள் வங்கியில் வைத்து, மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த ஒரு நாள் பணம் ஊரில் யாரிடம் கிடைக்கும்? படகு முதலாளியிடம் முன்பணம் கேட்கக்கூடிய உங்கள் கணவரிடம்தான். இதற்குக் கீழே வருகிறேன்.

கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தது திருட்டாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. தாய் வீட்டில் உங்களுக்குப் போட்டது உங்கள் சீதனம், அதன் முழு உரிமையாளர் நீங்கள்.

80,000-ஐக் கொடுக்கும்போது வெறுங்கையோடு திரும்பாதீர்கள். வங்கி வழியாக அனுப்பிவிட்டு, இரண்டு புரோநோட்டையும் செக்கையும் கையில் வாங்கி, "முழுதும் தீர்ந்தது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூட ஒருவர் இருக்கட்டும். "அப்புறம் தேடித் தர்றேன்" என்றால் பணத்தை அனுப்பாமல் நேராக இலவசச் சட்ட உதவிக்குப் போங்கள். 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி இந்த வட்டி வாங்குவது குற்றம். கடனாளி, அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்திலேயே செலுத்தவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

வீடு கணவர் பெயரில் என்றால், நீங்கள் தனியாகப் போட்ட கையெழுத்துக்கு அதை ஜப்தி செய்ய முடியாது. வாயால் ஜப்தி நடப்பதில்லை: வழக்கு, தீர்ப்பு, நிறைவேற்று மனு என்று மூன்று படி இருக்கிறது, அதுவும் யார் மீது தீர்ப்போ அவர் சொத்தின் மீது மட்டும். குடும்பத்தின் அத்தியாவசியச் செலவுக்கு வாங்கிய கடன் என்று சிலர் வாதிட்டுப் பார்ப்பார்கள். புடவைக்கும் பீரோவுக்கும் அந்த வாதம் நிற்பது கடினம்.

குழுக் கடன் தவணைக்கு இரவு 7 மணிக்கு வாசலில் வந்து உட்காருகிறார்கள் என்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி மைக்ரோஃபைனான்ஸ் வசூலுக்காகக் காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் அழைக்கக் கூடாது. குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். வீட்டின் மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே விதி. இரண்டாவது கடனைத் தரும்போது அந்தக் கணக்கைப் பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், விவரத்துக்கு 14448.

கணவரின் கையெழுத்தை நீங்கள் போட்டது மட்டும் உண்மையிலேயே கனமான விஷயம். ஏஜெண்ட் சொல்லித்தான் போட்டேன் என்பது காரணமாகுமே தவிர விடுதலை ஆகாது. அது பொய்க் கையெழுத்துக் குற்றம். பயத்தில் குழுத் தலைவிக்கு வாட்ஸ்அப்பில் விளக்கம் எழுதாதீர்கள். தவணை தவறாமல் கட்டி, இரண்டு குழுக் கடனில் அதை முதலில் முடிக்கப் பாருங்கள், முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. உங்கள் பெயரில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு அவரிடம் மட்டும் முழுதும் சொல்லுங்கள். கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது. அடுத்ததாக அறிய வேண்டியவர் அந்தப் பெயருக்கு உரியவர், உங்கள் கணவர்.

அந்த நண்பர்

இதற்காக உங்கள் மீது போலீஸ் கேஸ் வராது. மணம் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27-ல் ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் மனைவியைத் தண்டிக்கவில்லை. குடும்ப வழக்கில் அது இன்னும் விவாகரத்துக்குக் காரணம்தான், ஆனால் போன் பேச்சு அந்த வரையறைக்குள் வராது. மனக் கொடுமை என்று வாதிட அதைப் பயன்படுத்த முடியும், அவ்வளவே.

"வந்துவிடு, பார்த்துக்கொள்கிறேன்" என்பதைத்தான் சட்டத்தின் தராசில் வைக்க வேண்டும். விவாகரத்து ஆகாமல் நீங்கள் போய், ஏற்கெனவே மனைவி உள்ள அவருடன் வாழ்ந்தால், நாளை அவர் கைவிட்டாலோ அடித்தாலோ துணைவி என்ற பாதுகாப்பைக் கேட்பது மிகக் கடினம். இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக, திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்று 2010-ல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தப் பக்கம், வேறொருவருடன் வாழும் மனைவிக்குக் கணவரிடமிருந்து ஜீவனாம்சம் இல்லை. இரண்டு கரையும் கையை விட்டுப் போகும்.

அவரிடம் எழுத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே தங்குவது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், பிள்ளைகள் எந்தப் பள்ளியில்? பதிலை ஒரு நாள் விட்டு இன்னொரு முறை படியுங்கள். நாவலில் எம்மாவின் காதலர்களில் ஒருவனான ரொடால்ஃப் பிரிவுக் கடிதம் எழுதி முடித்ததும் விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு சொட்டை மையின் மேல் விழவிடுவான், கண்ணீர்க் கறையாகத் தெரியட்டும் என்று. பிறகு அந்தக் கடிதத்தை ஆப்ரிகாட் பழக் கூடையின் அடியில் வைத்து அனுப்புவான். உங்கள் தோழர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. வந்த அதே கணக்குக்கு அந்த 15,000-ஐத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்றாக. கடன்பட்டவரிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதில்லை.

பிரிவது பற்றி

சலிப்பு என்பது இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. இருவர் சம்மதத்தோடு என்றால் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, தக்க சூழலில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம். பிள்ளைகள் விஷயத்தில் தாயின் நடத்தையை வைத்துத் தண்டனை தருவது நீதிமன்றத்தின் வேலை இல்லை, பிள்ளைகளின் நலன்தான் அளவுகோல். 11 வயது மகளிடம் நீதிபதி நேரில் கேட்பார். இந்த முடிவைக் கடன் முடிகிற வரைக்கும் தள்ளி வையுங்கள். வட்டி கழுத்தை நெரிக்கும்போது எந்த வீடும் சிறையாகத்தான் தெரியும்.

ஏர்வாடி பற்றி ஒரு சொல். தர்காவுக்குப் போவதும் பிரார்த்தனை செய்வதும் உங்கள் விருப்பம், அதில் குறையில்லை. ஆனால் உங்கள் சம்மதமில்லாமல் கொண்டுபோய்த் தங்கவைக்க மாமியாருக்கோ கணவருக்கோ உரிமை கிடையாது. 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். யாரையும் சங்கிலியிடக் கூடாது என்பது இன்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தூக்கமின்மைக்கும் அழுகைக்கும் பார்க்க வேண்டியவர் மருத்துவர். யாராவது வற்புறுத்தினால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

அவரிடம் பேசுவது

அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அதனால் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமை இருக்கிறது. பேச ஆள் வேண்டும் என்பது பேராசை இல்லை. அதே நேரம், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: எந்தக் காற்றுக்குச் சொறி (ஜெல்லிமீன்) கரை ஒதுங்கும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார் என்று. மகளிடம் அரைமணி நேரம் பேசத் தெரிந்தவர் அவர். உங்களுக்கிடையே பேச்சு எப்போது நின்றது என்பதைக் கடன் கதை முடிந்தபின் ஒரு குடும்ப நல ஆலோசகர் முன்னால் இருவரும் பார்க்கலாம். தோழர் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். முதலில் அதை நிறுத்துங்கள். சட்டம் உங்களிடம் அந்த வாக்குமூலத்தைக் கேட்கவில்லை.

கடனை மட்டும் இப்போதே, முழுதாகச் சொல்ல வேண்டும். பாதி சொன்னால் மீதி வெளியாகும் நாளில் சொன்ன பாதியும் பொய்யாகிவிடும். ஒரு தாளில் நான்கு கடனையும் தொகை, வட்டி, யாரிடம், என்ன கையெழுத்து என்று எழுதுங்கள். கணவர் கையெழுத்தை நீங்கள் போட்டதும் அதில் இருக்கட்டும். அடகுச் சீட்டையும் குழுக் கடன் அட்டையையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தாளோடு நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள், வழக்கறிஞர் கட்டணம் கிடையாது. போகுமுன் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். அந்தப் பாரத்தோடு அவர் சுக்கான் பிடிக்க வேண்டாம். புதன் இறங்கினால் வியாழன் காலை கரைக்கு வருவார், மறுபடி சனிக்கிழமைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். வியாழன் பகல் அவர் தூங்கி எழட்டும். சாயங்காலம் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை அடகுக் கடையும் திறந்திருக்கும், வங்கியும் திறந்திருக்கும்.